முடிவில்லா ஆட்டத்தில் மூழ்கும் நம் பிள்ளைகள்



கோவை உக்கடத்தை அடுத்த பகுதியொன்றில், வைகறைத் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருந்து வருபவன் நான். என்னிடம் ஓத வந்த பிள்ளைகளில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். நல்ல குரல், நல்ல நினைவாற்றல். ஒரு பக்கத்தை இரண்டு முறை ஓதினால் மூன்றாம் முறை பார்க்காமலே ஒப்பித்து விடுவான். அத்தகைய பிள்ளை, ஓர் ஆண்டு அரையாண்டு விடுமுறைக்குப் பின்னர், ஓதும் பலகையின் மீதே தலை சாய்த்து உறங்கத் தொடங்கினான். கண்கள் சிவந்திருக்கும். நேற்று மனனம் செய்தது இன்று மறந்திருக்கும். காரணம் கேட்டால் பதில் இராது.

நான் அதைச் சோம்பல் என்றே எண்ணினேன். எழுப்பி நிற்க வைத்தேன். மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் கடிந்து கொண்டேன். ஏறத்தாழ மூன்று மாதங்கள் இவ்வாறே கழிந்தன. ஒரு நாள் காலை அவனுடைய தாயார், முக்காட்டின் நுனியால் கன்னத்தை மறைத்தவாறு மதரஸா வாசலில் வந்து நின்றார். மறைத்த இடத்தில் வீக்கம் இருந்தது.

"பையன்தானுங்க ஹஜ்ரத், கை ஓங்கிட்டான். ராத்திரி ரெண்டு மணிக்குப் போனைப் பிடுங்குனேன், அவ்வளவுதான். அவங்க அத்தாவுக்கு இன்னும் சொல்லலீங்க" என்று கூறி அழுதார்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. மூன்று மாதங்களாக என் கண்ணெதிரே ஒரு பிள்ளை நோயுற்றுக் கிடந்தான். நான் அவனுக்குத் தண்டனை கொடுத்துக் கொண்டிருந்தேன். அந்தப் பிழையை வேறு எந்தப் பெற்றோரும், எந்த ஆசிரியரும் செய்யலாகாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அன்றைய ஆட்டமும் இன்றைய ஆட்டமும்

விளையாட்டு என்பது பிள்ளைப் பருவத்தின் உரிமை. அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. நானும் வீடியோ கேம் ஆடியவன்தான். 1990களின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் வீடியோ கேம் கடைகள் முளைத்தன. மரப்பெட்டிக்குள் ஒரு திரை; அதன் முன்னே ஒரு கைப்பிடி; இரண்டு மூன்று பொத்தான்கள். ஜப்பானில் 1980இல் தோன்றிய 'பேக்மேன்' போன்ற ஆட்டங்கள் அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தன. மளிகை வாங்கி வரக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்து, டோக்கன் வாங்கி ஆடியதுண்டு. அதற்காகப் பொய் சொன்னதுமுண்டு; உதை வாங்கியதுமுண்டு.

ஆயினும் அந்த ஆட்டத்திற்கு ஒரு முடிவு இருந்தது. டோக்கன் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. நமக்குப் பின்னால் அடுத்த பையன் வரிசையில் நிற்பான். இரவானால் கடைக்காரர் கதவை இழுத்து மூடி விடுவார். தெருவில் ஆடிய பம்பரமும் கோலியும் கில்லியும் அப்படித்தான். மஃரிபு பாங்கு ஒலித்தால், வெளிச்சம் மங்கினால், தாயார் வாசலில் நின்று குரல் கொடுத்தால், ஆட்டம் கலைந்து விடும். பிள்ளை தானாக நிறுத்தாவிட்டாலும் சூழல் நிறுத்தி விட்டது.

இன்று கைபேசிக்குள் இருக்கும் ஆட்டத்திற்கு அந்தி சாய்வதில்லை. அதற்குக் கடை மூடும் நேரமுமில்லை. போர்வைக்குள்ளும் அது தொடர்கிறது.

இந்தக் கைபேசி பிள்ளைகளின் கைக்கு எவ்வாறு வந்தது என்பதையும் நாம் நேர்மையுடன் நினைவுகூர வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைபேசி வழியே நடந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவரும், கோவைப் பட்டறையில் லேத் ஓட்டியவரும், வேலையே இல்லாத அந்நாட்களில் கடன்பட்டும் தவணை முறையிலும் பிள்ளைக்குக் கைபேசி வாங்கிக் கொடுத்தனர். படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதே அவர்கள் கவலை. தமிழகத்தில் 2021 செப்டம்பரில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளும், நவம்பரில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளும் மீண்டும் திறக்கப்பட்டன. பாடம் பள்ளிக்குத் திரும்பிவிட்டது. கைபேசியோ வீட்டிலேயே தங்கிவிட்டது.

ஆட்டத்தின் உள்ளே நடப்பது என்ன?

"அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பெட்டிக்குள்?" என்று பல தாய்மார்கள் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளை எங்கே போகிறான் என்று தெரியாமல் அவனைத் திரும்ப அழைத்து வர இயலாது.

'பப்ஜி' என்னும் ஆட்டத்தை எடுத்துக் கொள்வோம். அதில் 100 பேர் வரை ஒரே நேரத்தில் விமானத்திலிருந்து பாராசூட்டில் ஒரு நிலப்பரப்பில் இறங்குவர். ஆயுதங்களைத் தேடி எடுத்து ஒருவரையொருவர் சுட வேண்டும். இறுதிவரை எஞ்சியிருப்பவரே வெற்றியாளர். ஓர் ஆட்டம் அரை மணி நேரம் வரை நீளும். பெரும்பாலும் நால்வர் கொண்ட அணியாக, காதில் ஒலிக்கருவி மாட்டிப் பேசிக்கொண்டே ஆடுவர். இதில் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைத்துவிட்டுப் பின்னர் தொடர முடியாது. பாதியில் எழுந்து வந்தால் அவன் தோற்பான்; அவனை நம்பிய மற்ற மூவரும் தவிப்பர். "சாப்பிட வா" என்று தாய் அழைக்கும்போது மகன் எரிந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, பரிசு. நாள்தோறும் ஆட்டத்தைத் திறந்தாலே ஒரு பரிசு கிடைக்கும். ஒரு நாள் தவறினால் அந்தத் தொடர்ச்சி அறுபடும். ஆடி உயர்ந்த தரநிலை, சில வாரங்கள் ஆடாவிட்டால் கீழே இறங்கும். மூடிய பெட்டியொன்றைத் திறந்தால் சில வேளை அரிய பொருள் கிடைக்கும். பல வேளை ஒன்றும் இராது. எப்போது கிடைக்கும் என்று அறிய முடியாத பரிசுதான் உயிரினங்களை மிகுதியாகக் கட்டிப் போடும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே புறாக்களைக் கொண்டு சோதித்துக் காட்டினார். குறிப்பிட்ட தடவைக்கு ஒருமுறை தீனி விழும் என்றால் தீனி கிடைத்ததும் புறா சற்று ஓய்ந்திருக்கும். எந்தத் தடவை விழும் என்று தெரியாவிட்டால் ஓயாமல் கொத்திக் கொண்டே இருக்கும். சூதாட்ட எந்திரங்களின் அடிப்படை இதுவே. இன்று நம் பிள்ளைகளின் ஆட்டங்களிலும் இந்த நுட்பம் புகுத்தப்பட்டுள்ளது.

1998இல் இலண்டனில் நடந்த ஆய்வொன்று, வீடியோ கேம் ஆடுபவரின் மூளையில் 'டோபமைன்' என்னும் வேதிப்பொருள் மிகுதியாகச் சுரப்பதைப் படமெடுத்துக் காட்டியது. ஆர்வத்தையும் நாட்டத்தையும் தூண்டும் பொருள் அது. நல்ல உணவிலும் நண்பரின் பாராட்டிலும்கூட அது சுரக்கத்தான் செய்கிறது. ஆனால் வளர்ந்தவர்களுக்கு இருக்கும் தற்கட்டுப்பாடு 13 வயதுப் பிள்ளைக்கு இராது. தன்னை அடக்கி நிறுத்தும் மூளைப்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு முதிர்ச்சி அடைகிறது. கற்றுத் தேர்ந்த பொறியாளர்கள் வடிவமைத்த ஆட்டத்தின் எதிரே நம் வீட்டுப் பிள்ளை தனியாக உட்கார வைக்கப்பட்டிருக்கிறான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

எது விருப்பம்? எது நோய்?

இங்கே ஓர் எச்சரிக்கை. கைபேசியில் ஆடும் பிள்ளைகள் அனைவரும் அடிமைகள் அல்லர். ஆடுவோரில் ஒரு சிறு பகுதியினரே நோய் நிலைக்குச் செல்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு, அழைத்ததும் முணுமுணுத்துக் கொண்டே எழுந்து வரும் பையனை நோயாளி என்று அழைப்பது அநீதியாகும்.

அவ்வாறெனில் எல்லை எது? உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பை 2018 ஜூனில் வெளியிட்டபோது, 'விளையாட்டுக் கோளாறு' என்பதனை அதில் சேர்த்தது. 2019 மே மாதம் உலக நாடுகள் அப்பட்டியலை ஏற்றன. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டுள்ளன.

முதலாவது, கட்டுப்பாடு இழத்தல். எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பவை அவன் கையில் இல்லாமற் போதல்.

இரண்டாவது, முதலிடம் கொடுத்தல். உணவு, உறக்கம், படிப்பு, நட்பு, முன்பு விரும்பிச் செய்த பிற செயல்கள் ஆகிய அனைத்தையும் பின்னுக்குத் தள்ளி ஆட்டம் முன்னே வந்து நிற்றல்.

மூன்றாவது, கேடு விளைந்த பின்னும் தொடர்தல். மதிப்பெண் சரிந்தாலும், உடல் மெலிந்தாலும், வீட்டில் சண்டை வந்தாலும் நிறுத்த இயலாமை.

இவற்றால் குடும்ப வாழ்வும் படிப்பும் பெரிதும் பாதிக்கப்பட்டு, அந்நிலை பொதுவாக 12 மாதங்கள் நீடித்தால் அதனை நோய் என்று மருத்துவர் முடிவு செய்வார். அறிகுறிகள் கடுமையாக இருப்பின் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆடும் மணிக்கணக்கு இந்த மூன்றில் ஒன்றாகச் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதைக் காட்டிலும், நிறுத்த வேண்டிய போது நிறுத்த முடிகிறதா என்பதே அடிப்படைக் கேள்வி.

பெற்றோர் தமக்குள் கேட்டுக் கொள்ள வேண்டியவை

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில், மேலும் ஆராயத்தக்க நிலையாக இதனைக் குறிப்பிட்டு, ஒன்பது அடையாளங்களைத் தந்துள்ளது. ஓராண்டுக் காலத்தில் ஐந்தோ அதற்கு மேலோ காணப்பட்டால் கவலைப்பட வேண்டும். அவற்றை நம் வீட்டு மொழியில் கேள்விகளாக அமைத்துக் கொள்ளலாம்.

1. ஆடாத நேரத்திலும் ஆட்டத்தைப் பற்றியே எண்ணிக் கொண்டும் பேசிக் கொண்டும் இருக்கிறானா?
2. கைபேசி இல்லாவிடில் எரிச்சல், படபடப்பு, துயரம் தோன்றுகிறதா?
3. முன்பு அரை மணி போதுமானதாக இருந்து, இப்போது மூன்று மணியும் போதாமற் போகிறதா?
4. "இன்றோடு குறைத்துக் கொள்கிறேன்" என்று தானே சொல்லியும் முடியாமற் போகிறதா?
5. கால்பந்து, மிதிவண்டி, உறவினர் வீடு என முன்பு விரும்பியவை கசந்து விட்டனவா?
6. தீங்கு என்று தெரிந்தும் தொடர்கிறானா?
7. ஆடும் நேரத்தைப் பற்றிப் பொய் சொல்கிறானா?
8. கவலையையும் அச்சத்தையும் மறப்பதற்காகவே ஆட்டத்திற்குள் ஓடுகிறானா?
9. ஆட்டத்தால் நட்பையோ படிப்பையோ வேலையையோ இழந்தானா, இழக்கும் நிலையில் இருக்கிறானா?

'பிள்ளை' என்று ஆண்பாலில் எழுதினாலும் பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் வீட்டிற்குள்ளேயே அமைதியாக இருப்பதால் நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

உறக்கத்தைத் தனியே கவனியுங்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவ வல்லுநர்கள் வகுத்துள்ளனர். வைகறையில் எழ வேண்டிய நம் வீட்டுப் பிள்ளை இரவில் நேரத்தோடு படுத்தாக வேண்டும். ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்து ஸஹர் நேரம் வரை விழித்திருக்கும் பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். நான் அறிந்த சில பிள்ளைகளுக்கு இப்பழக்கம் தொடங்கியதே அந்த இரவுகளில்தான்.

அவன் சொன்ன பதில்

மீண்டும் அந்தச் சிறுவனிடம் வருவோம். தாயார் வந்து சென்ற மறுநாள், ஓதி முடித்து எல்லாரும் போன பின்னர், அவனை மட்டும் அருகில் அமர்த்திக் கொண்டேன். முதலில் நான் அவனைக் கடிந்து கொண்டதற்கு வருத்தம் தெரிவித்தேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "உன் ஆட்டத்தை எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடேன்" என்றேன். அரை மணி நேரம் பேசினான். என்னிடம் அவன் அவ்வளவு பேசியது அதுவே முதல் முறை.

"ஹஜ்ரத், அங்க நான் இல்லீன்னா அவங்க தோத்துப் போயிருவாங்க" என்றான்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாயிருந்தது. பள்ளியில் கணக்குப் பாடத்தில் கடைசி வரிசை. பேச்சில் சிறிது திக்கல் இருந்ததால் வகுப்பில் கேலி. தந்தையார் ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடை ஊழியர்; இரவு பத்தரைக்கு வீடு திரும்புவார்; மகன் விழித்திருப்பதைக் கண்டால் அதட்டல். மதரஸாவிலோ நான் நிற்க வைத்து ஏசினேன். அவனை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள், அவன் இல்லாவிட்டால் தோற்றுப் போவோம் என்று சொன்னவர்கள், முகம் தெரியாத அந்த மூன்று பேர்தாம். அங்கே அவன் திக்கினாலும் யாரும் சிரிப்பதில்லை. அவன் குறி தவறுவதில்லை.

பெற்றோர்களே! ஆட்டத்திற்கு அடிமையாகும் பிள்ளைகள் பலரிடம் வேறொரு துன்பமும் உடனிருக்கிறது. மனச்சோர்வு, அச்சம், கவனக்குறைவுக் கோளாறு, பள்ளியில் கேலி, வீட்டில் ஓயாத பூசல் ஆகிய ஏதேனும் ஒன்று இருக்கலாம். அதைக் கண்டறியாமல் கைபேசியை மட்டும் பிடுங்கினால், ஒதுங்க இருந்த ஒரே இடத்தையும் பறித்தவர்களாகி விடுவோம். அவன் வெறி கொண்டு கை ஓங்கியதற்கு இதுவே பொருள். தாயை அடித்தது பெருங்குற்றம். அதை அவனிடம் நான் மறைக்கவில்லை. ஆனால் குற்றத்திற்குப் பின்னே இருந்த நோயையும் பார்க்க வேண்டியிருந்தது.

சட்டம் எதுவரை வரும்?

"அரசாங்கம் தடை செய்துவிட்டால் போதுமே" என்று சொல்பவர் உண்டு. நம் நாட்டில் தடை வந்ததும் உண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. பிள்ளைகள் 'ஃப்ரீ ஃபயர்' என்னும் ஆட்டத்திற்கு மாறினர். 2022 பிப்ரவரியில் அதுவும் தடை செய்யப்பட்டது. இதற்கிடையில் 2021 ஜூலையில் பப்ஜியே இந்தியப் பதிப்பாக வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் நீக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பவும் வந்தது.

பிற நாடுகளின் பட்டறிவும் உண்டு. தென்கொரியா 2011இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கணினியில் ஆன்லைன் ஆட்டங்கள் ஆடுவதைத் தடுத்துச் சட்டம் செய்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு நுழைந்தனர். பின்னர் அச்சட்டம் எட்டாத கைபேசி ஆட்டங்களுக்கு மாறினர். பத்தாண்டுகளுக்குப் பின் அந்நாடே அச்சட்டத்தைக் கைவிட்டது. சீனா 2021இல், 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை ஆடலாம் என்று விதித்தது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மி முதலியவை இதனினும் கொடியவை. பெரியவர்களையும் அவை விட்டு வைக்கவில்லை. சேமிப்பையும் கடன் வாங்கிய பணத்தையும் இழந்து உயிரை மாய்த்துக் கொண்டோரின் செய்திகள் தமிழகத்தை உலுக்கின. தமிழக அரசு 2021இல் இயற்றிய தடைச் சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 2022 ஜூனில் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் சட்டமன்றத்தில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரல் 10 அன்று சட்டமாயிற்று. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று கூறி, அவற்றை அச்சட்டத்தின் தடையிலிருந்து உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. 2025 பிப்ரவரியில், பண ஆட்டங்களில் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை கட்டாய இடைவெளியும் விதிக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் மசோதாவை நாடாளுமன்றமே நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது.

இவையெல்லாம் வரவேற்கத் தக்கவையே. ஆயினும் நம் மகன் இரவில் ஆடுவது பெரும்பாலும் பண ஆட்டமன்று. பணம் வைக்காத சாதாரண ஆட்டங்களை அந்தச் சட்டம் தடை செய்யவில்லை. அங்கே காவல் காக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

வீட்டில் செய்யத் தக்கவை

கைபேசியைத் திடீரெனப் பிடுங்கி உடைக்காதீர்கள். பிள்ளையுடன் அமர்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் செய்து கொள்ளுங்கள். எந்த நாட்களில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆட்டத்தின் நடுவில் அழைக்காமல், அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் சொல்லுங்கள். "இன்னும் அரை மணியில் பாங்கு, இதோடு போதும், புதியது தொடங்காதே" என்று முன்னதாகச் சொன்னால் பாதிச் சண்டை குறையும். முன்னரே சொல்லியும் நிறுத்த முடியவில்லை எனில் அதுவே உங்களுக்கு ஓர் அடையாளம்.

இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், அத்தாவுடையதும் அம்மாவுடையதும் உட்பட, ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். காலையில் எழுப்ப நூறு இருநூறு ரூபாய்க்கு அலாரம் கடிகாரம் கிடைக்கிறது. தந்தை தட்டைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக் கொண்டு உண்ணும் வீட்டில், மகனுக்குச் செய்யும் உபதேசம் காற்றோடு போகும்.

யு.பி.ஐ. இரகசிய எண்ணையும் ஓ.டி.பி.யையும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஆட்டத்திற்குள் 'டைமண்ட்' என்றும் வேறு பெயர்களிலும் விற்கப்படுபவை நம் கணக்கிலிருந்து செல்லும் உண்மையான பணமே. வெளிநாட்டிலிருந்து கணவர் அனுப்பும் பணம் வரும் வங்கிக் கணக்கைப் பிள்ளையின் கைபேசியில் இணைத்து வைத்திருக்கும் சகோதரிகள் உடனே மாற்றிக் கொள்ளுங்கள்.

குழந்தைக்குச் சோறூட்டக் கைபேசியைக் காட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

எடுத்துவிட்ட நேரத்தில் வேறொன்றை வையுங்கள். வெற்றிடமாக விட்டால் ஆட்டமே திரும்பி வரும். உக்கடம் பெரியகுளக் கரையிலும் குறிச்சிக் குளக் கரையிலும் நடைபாதைகள் இருக்கின்றன. மாலையில் மகனை அழைத்துக் கொண்டு ஒரு சுற்று நடப்பதற்குச் செலவில்லை. ஜமாஅத்துகள் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்தால், அது பெரிய நற்பணியாகும்.

மருத்துவரை நாட வெட்கம் வேண்டாம்

இவற்றையெல்லாம் செய்தும் நிலை மாறவில்லை என்றால், அல்லது பிள்ளை பள்ளிக்குச் செல்ல மறுத்தால், கை ஓங்கினால், உணவை விட்டால், காத்திருக்க வேண்டாம். "செத்துப் போவேன்" என்று ஒரு முறை சொன்னாலும் அதை மிரட்டல் என்று தள்ளிவிடாமல் உடனே உதவி தேடுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இத்தகையோருக்காகவே 2014இல் 'ஷட்' என்னும் தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கப்பட்டது. அவ்வளவு தூரம் செல்ல இயலாதோருக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மாவட்டந்தோறும் மாவட்ட மனநலத் திட்டம் செயல்படுகிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இந்நோய்க்கென்றே தனி மாத்திரை கிடையாது. பிள்ளையின் எண்ணப் போக்கை மாற்றும் பேச்சு வழிச் சிகிச்சையும், குடும்பத்தார்க்கு ஆலோசனையும்தான் முதன்மையானவை. உடனிருக்கும் மனச்சோர்வு முதலியவற்றுக்கு மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மனநல மருத்துவரிடம் சென்றால் பைத்தியம் என்று பேசுவார்களே, நாளை பெண் கொடுப்பார்களா என்று தயங்கி நாட்களைக் கடத்தும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வது போன்றதே இதுவும்.

அந்தச் சிறுவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். தாயார் துணிந்து தந்தையிடம் சொன்னார். மூவரும் அரசு மருத்துவமனைக்குச் சென்றனர். தந்தை முதலாளியிடம் பேசி வாரம் இரண்டு நாள் மாலையிலேயே வீடு திரும்ப அனுமதி பெற்றார். திக்குவாய்க்குப் பயிற்சி தொடங்கியது. நான் என் பங்குக்கு, சிறிய பிள்ளைகள் நால்வருக்கு எழுத்துக் கூட்டிக் கற்றுக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தேன். அடுத்த அரையாண்டு விடுமுறையில் பழைய நிலை ஒருமுறை திரும்பியது. மீண்டும் மருத்துவமனைக்குச் சென்று வந்தனர். இப்போதும் அவன் ஆடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம். நேரம் முடிந்ததும் கைபேசியைத் தாயிடம் கொடுத்து விடுகிறானாம்.

சென்ற மாதம் காய்ச்சலால் இரண்டு நாட்கள் அவன் மக்தபுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது அந்த நான்கு சிறுவர்களும் ஓடிச் சென்று, "அண்ணே, ஏன் வரலை?" என்று அவனைச் சூழ்ந்து கொண்டனர்.

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இரவில் விழித்திருந்தால், முதலில் அருகில் அமர்ந்து, என்ன ஆடுகிறான், யாருடன் ஆடுகிறான் என்று கேளுங்கள். கடிந்து கொள்வதற்கு முன் காது கொடுங்கள். நம் பிள்ளைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் வல்ல இறைவன் காத்தருள்வானாக!